பழைய பேஸ்டை எடுக்க ஒரு துண்டு வேட்டி

சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப் பதினெட்டு அன்று வெளியிடுவது வழக்கம். அதனால் மே கடைசியில் இருந்து ஜூலை முடிய என்னைப் போல டிசைன் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்னால் விளக்கு அணையாது. நான் வீட்டில் இருந்தே வேலை செய்கிறேன். முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் ஒரு ஃபேன். ஏ.சி கிடையாது. வீட்டுக்காரர் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறார். இந்தப் பதிவில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இந்த ஜூன் கடைசி வாரம் மாத காலண்டருக்கு ஒரு முருகன் படம் செய்துகொண்டிருந்தேன். மயில் தோகைக்கு மட்டும் நாற்பது லேயர். ஒவ்வொரு கண்ணிலும் பச்சை தனி, நீலம் தனி, பொன் தனி. போட்டோஷாப்பில் ஒரு ஃபில்டர் போட்டுவிட்டு எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வந்தால் அப்போதும் நீலக் கோடு பாதியில் நிற்கும். கேபினெட்டுக்குள் இருந்து ஃபேன் கத்துகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. "ஏம்மா, இது என்னத்துக்கு இப்படிக் கத்துது?" என்று வீட்டுக்காரர் தூக்கத்தில் இருந்து எழுந்து வந்து கேட்டார்.

டெம்பரேச்சர் காட்டுகிற மென்பொருளைத் திறந்து பார்த்தேன். 95. என் கம்ப்யூட்டரின் மூளையான புராசசர், 2020ல் வாங்கிய ரைசன் 5 3600. அந்தச் சிப்புக்கு அதைச் செய்கிற ஏ.எம்.டி நிறுவனம் வைத்திருக்கிற உச்சவரம்பே 95 டிகிரிதான். அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் தூசி தட்டினேன். புராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்கிற கூலரின் அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி அடைந்திருந்தது எல்லாம் பிரஷ்ஷில் வந்தது. மூன்று டிகிரி குறைந்தது, நாலாவது நிமிடம் மறுபடியும் 95. அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு கூலருக்கும் புராசசருக்கும் நடுவில் இருக்கிற பேஸ்டில்தான். அதைத் துடைத்து எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

தெரிந்தும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பயம். 2023ல் இதே வேலையைச் செய்யப்போய் நான் பட்ட பாடு அப்படி.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாராவது நாளைக்குக் காலையில் கூலரைக் கழற்ற உட்காரலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் செய்துவிடலாம் என்று, ராத்திரி முழுக்க அணைந்து குளிர்ந்து கிடந்த கம்ப்யூட்டரைத் திறந்தேன். கூலரின் நாலு திருகையும் கழற்றினேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலே இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கூலர் கையோடு வந்தது, அதன் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு புராசசரும் வந்துவிட்டது. புராசசர் உட்காருகிற சாக்கெட்டின் லீவர் பூட்டியபடியே இருக்கிறது. பூட்டுக்குள் இருந்து புராசசரைப் பிடுங்கியிருக்கிறேன்.

என்னுடையது போல ஏ.எம் 4 என்ற சாக்கெட்டில் உட்காருகிற புராசசருக்கு இந்த ஆபத்து உண்டு. 40 மில்லிமீட்டர் சதுரத்துக்கு அடியில் 1331 ஊசிகள். சாக்கெட் அந்த ஊசிகளை இலேசாகத்தான் பிடித்திருக்கும், மேலே இருந்து அழுத்திப் பிடிக்கச் சட்டம் கிடையாது. பேஸ்ட் காய்ந்து குளிர்ந்தால் ஈரமான இரண்டு கண்ணாடித் தகடு ஒட்டிக்கொள்கிற மாதிரி கூலரோடு ஒட்டிக்கொள்ளும். நேராக இழுத்தால் எந்தப் பிடி பலமோ அது ஜெயிக்கும். 2022ல் வந்த ஏ.எம் 5ல் ஊசிகளைப் போர்டுக்கு மாற்றி, புராசசர் மேல் இரும்புச் சட்டமும் வைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் டிசைன் வேலைக்கு ஓடுகிற மெஷின்களில் இன்னும் ஏ.எம் 4 நிறைய இருக்கிறது.

அன்றைக்கு ஒன்பது ஊசி சாய்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு நாலுதான் தெரிந்தது. பிரஸ்ஸில் அச்சுத்தாளில் டாட் பார்க்கிற லென்ஸ் வீட்டில் ஒன்று கிடந்தது. அதை வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து அடித்து, வரிசை வரிசையாகப் பார்த்தபோதுதான் மிச்சம் ஐந்தும் தெரிந்தன. நேராக நிற்கிற ஊசிகளின் நிழல் எல்லாம் ஒரே திசையில் விழும். சாய்ந்ததன் நிழல் மட்டும் பக்கத்து ஊசி மேல் ஏறி நிற்கும். மகனின் 0.5 பென்சிலில் இருந்து லெட்டை எடுத்துவிட்டு, அந்த உலோக மூக்கை ஊசி மேல் மாட்டி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். ஒரு ஊசியை ஒரே தடவையில் நிமிர்த்தக் கூடாது. கொஞ்சம் தூக்கி, லென்ஸில் பார்த்து, மறுபடி கொஞ்சம். பித்தான் துவாரத்தில் நூல் கோக்கிறதைவிட நூறு மடங்கு பொறுமை வேண்டும். இரண்டரை மணி நேரம் ஆனது. புராசசரைச் சாக்கெட்டின் மேல் வைத்ததும் தன் எடையிலேயே கீழே இறங்கியது. அழுத்தாமல் தானாக உட்கார்ந்தால்தான் ஊசிகள் நேர் என்று அர்த்தம். அன்று நான் அழுதேன், நிம்மதியில்.

அன்று செய்த இன்னொரு தப்பு, பழைய பேஸ்டைச் சானிடைசர் போட்டுத் துடைத்தது. கொரோனா காலத்து பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது, ஆல்கஹால்தானே என்று எடுத்துவிட்டேன். சானிடைசரில் கை காயாமல் இருக்க கிளிசரின் சேர்த்திருப்பார்கள், ஜெல் கெட்டியாக இருக்கவும் ஏதாவது போட்டிருப்பார்கள். ஆல்கஹால் பறந்துவிடும், இவை தகட்டின் மேலேயே தங்கிவிடும். அதன் மேலேயே அவசரத்துக்குக் கிடைத்த, பெயரில்லாத ஒரு சிரிஞ்ச் வெள்ளைப் பேஸ்டை வைத்து மூடினேன். இரண்டு வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்பாகிப் போனதுதான் இந்த வருடத்து 95 டிகிரி.

இந்தப் பேஸ்ட் எதற்கு என்று தெரிந்துகொண்டால் துடைக்கிற முறை தானாகப் புரியும். புராசசரின் மேல்தகடும் கூலரின் அடியும் நம் கண்ணுக்கு வழவழப்பு. உண்மையில் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளம் இருக்கிறது. இரண்டையும் அழுத்தி வைத்தால் மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், பள்ளங்களில் காற்று நிற்கும். ஒரே அளவுகோலில் வெப்பக் கடத்துதிறனைச் சொன்னால் செம்பு சுமார் 400, அலுமினியம் சுமார் 237, நல்ல பேஸ்டுக்கு டப்பாவில் 8, 9 என்று போட்டிருப்பார்கள், காற்று வெறும் 0.026. பேஸ்டின் வேலை அந்தப் பள்ளங்களில் இருந்து காற்றை விரட்டுவது. அது பெரும்பாலும் சிலிகோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற நுண்ணிய பொடியைக் குழைத்தது. சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது உலோகம் விரிந்து சுருங்கி எண்ணெயை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. நடுவில் பொடி மட்டும் நிற்கிறது.

இப்போது துடைப்பதை யோசித்துப் பாருங்கள். நாம் ஊற்றுகிற ஆல்கஹால் எண்ணெயைத் தளர்த்தும். பொடியைக் கரைக்காது. நாம் துடைக்க எடுக்கிற எதிலும் அந்தப் பொடி கரையப் போவதில்லை. தளர்ந்த பொடியைத் துணிதான் தன் இழைகளில் வாங்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை பாட்டில் ஸ்பிரிட் ஊற்றினாலும் துணி அழுக்காக இருந்தால் பொடி இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்குத்தான் போகும். 2023ல் நான் அரை மணி நேரம் தேய்த்தும் தகடு சாம்பல் பூத்தே கிடந்ததற்குக் காரணம் இதுதான். இதை எனக்குச் சொல்லித்தந்தது கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் இல்லை, வீட்டுக்காரர்.

சிவகாசியில் ஐ.பி.ஏ என்றால் எந்த மெஷின்காரருக்கும் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஆஃப்செட் மெஷினில் பிளேட்டை ஈரப்படுத்துகிற தண்ணீரில் அதைக் கலப்பார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்து, இங்க் ஒட்டக்கூடாத இடத்தில் மெல்லிசாக, சீராகப் பரவும். அதனால் பெரிய கேன்களில் பிரஸ்ஸுக்கு வருகிறது. சொல்லிக் கேட்டு ஒரு நூறு மில்லி வாங்கி வரச் சொன்னேன். "கேன்ல இருந்து நேரா எடுக்கணுங்க, மெஷின் டிரேயில இருந்து வேண்டாம்" என்று நான் சொன்னதற்கு, "அது எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டிரேயில் இருப்பது பவுண்டன் தண்ணீர், அதாவது பிளேட்டை ஈரப்படுத்துகிற அந்தக் கலவை. அதில் கோந்து, அமிலம் எல்லாம் கலந்திருக்கும், ஆல்கஹால் கொஞ்சம்தான். பார்த்தால் இரண்டும் ஒரே நிறத் தண்ணீர்தான். பிரஸ் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு வரியை மறக்க வேண்டாம்.

பிரஸ் இல்லாத ஊரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற கடையில் கேட்டால் சின்ன பாட்டில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கவே வேண்டாம். 99 சதவீதம் என்று போட்டிருப்பது நல்லது. 70 சதவீதம்தான் கிடைத்தது என்றால் அதிலும் துடைக்கலாம், மிச்சம் 30 தண்ணீர் என்பதால் நன்றாகக் காய நேரம் கொடுக்க வேண்டும். மருந்துக் கடை ஸ்பிரிட் வாங்கினால் லேபிளை முழுக்கப் படியுங்கள். வாசனையோ எண்ணெயோ சேர்ந்திருந்தால் அதுவும் சானிடைசர் கதைதான்.

நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள். அசிட்டோன் பேஸ்டை எடுத்துவிடும்தான், ஆனால் ஒரு சொட்டு பக்கத்தில் விழுந்தால் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், துரு நீக்குகிற ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவற்றில் சில எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், சிலவற்றின் ஆவியை வீட்டுக்குள் நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது.

ஆவி என்றதும் ஒன்று. ஐ.பி.ஏவும் எளிதில் தீப்பிடிக்கும். 12 டிகிரி வெப்பத்திலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் எந்த மாதம் 12 டிகிரி? அதாவது பாட்டிலைத் திறந்த நிமிடத்தில் இருந்தே அது எரியத் தயார். தீயோடு எப்படி இருக்க வேண்டும் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் வீட்டு வேலை என்றால் மனசு அசந்துவிடும். நான் உட்கார்ந்தது வெள்ளிக்கிழமை. பூஜை அலமாரியும் அதே அறையில்தான். விளக்கு தானாக அணைகிற வரை காத்திருந்து, சன்னல் இரண்டையும் திறந்துவைத்து, அப்புறம்தான் மூடியைத் திருகினேன். பாட்டிலில் இருந்து நேராக எதன் மேலும் ஊற்றக் கூடாது. துணியை நனைத்து, உடனே மூடிவிட வேண்டும்.

துணிக்கு வருகிறேன். டிஷ்யூ பேப்பர் ஈரத்தில் பிய்ந்து நூல் நூலாக ஒட்டும். காது குடைகிற பஞ்சுக்குச்சி ஓரங்களுக்குச் சரி, முழுத் தகட்டுக்கு இழை விடும். புது டவல் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் காபி வடிகட்டுகிற காகிதத்தைச் சொல்கிறார்கள், நாம் டிகாக்ஷன் இறக்குவது பித்தளை ஃபில்டரில், அதற்கு எங்கே போவது? என் மாமனாரின் பழைய பருத்தி வேட்டி ஒன்று இருந்தது. நூறு தடவைக்கு மேல் துவைத்து, உதிர வேண்டிய பஞ்செல்லாம் உதிர்ந்து, மல்லிகைப் பூ மாதிரி ஆகிப்போன துணி. கரைப் பக்கத்தை விட்டுவிட்டு உள்ளங்கை அளவில் பன்னிரண்டு துண்டு வெட்டினேன். மூக்குக்கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியும் நன்றாக இருக்கும், ஆனால் அது ஒன்றுதான் இருக்கும், எனக்குத் தேவை பன்னிரண்டு.

வேலைக்கு வருவோம். இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் நன்றாக ஓடவிட்டேன். முருகனுக்கே ஒரு ஃபில்டர் போட்டுச் சூடேற்றினேன். சூட்டில் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, வயரைச் சுவரில் இருந்து உருவி, கேபினெட்டைப் படுக்க வைத்தேன். பாலியஸ்டர் புடவையை மாற்றிப் பருத்திச் சுடிதார் போட்டுக்கொண்டேன். வெறும் கையால் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். உடம்பில் நிற்கிற நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ஒவ்வொரு தடவை எழுந்துபோய் வந்து உட்காரும்போதும் மறுபடி தொட வேண்டும்.

ஃபேன் வயரைப் பிடுங்கிவிட்டு, நாலு திருகையும் மூலைக்கு மூலை, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். இப்போதுதான் முக்கியமான இடம். இழுக்கவில்லை. கூலரை இரண்டு கையாலும் பிடித்து, ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கிற மாதிரி இடதும் வலதுமாக மெதுவாகத் திருகினேன். முதலில் அசையவில்லை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒரு நூல் அளவு நகர்ந்தது, அப்புறம் வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி சுற்றியது. அப்போது ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கினேன். புராசசர் சாக்கெட்டிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த நிமிடம் இருந்த சந்தோஷத்தை எழுத்தில் வைக்க முடியாது.

அது அங்கேயே இருக்கட்டும். லீவரைத் தூக்கவே இல்லை. மேல்தகட்டைத் துடைக்கப் புராசசரை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே கிடையாது. பூட்டிய சாக்கெட்டுக்குள் இருக்கும்போது ஊசிகள் பத்திரமாக இருக்கின்றன, தகடு நகராமல் நிற்கிறது.

தகடு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. நடுவில் வெடிப்பு விட்ட களிமண் மாதிரி, ஓரங்களில் மட்டும் பசை. நான் நேராக நடுவில் துணியை வைக்கப் போனேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் கையைப் பிடித்துவிட்டார்.

"பிளாங்கெட் துடைக்கிற மாதிரி செய். முதல்ல ஊற வை. ஊறாம தேய்ச்சா கை வலிக்கும், அழுக்கு போகாது."

நனைத்த துண்டை மடித்துத் தகட்டின் மேல் போட்டு அரை நிமிடம் விட்டோம். ஈரம் சொட்டுகிற அளவு இருக்கக் கூடாது, அதைப் பிழிந்துதான் வைத்தார். எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு கஞ்சியாக மாறியிருந்தது.

"இப்ப ஓரத்துல இருந்து நடுவுக்கு வா. நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளுனா எல்லாம் கீழ வழிஞ்சிரும். ஒரு மடிப்புக்கு ஒரு துடைப்பு. அழுக்கான மடிப்பால மறுபடி தொட்டா, எடுத்ததையே திருப்பிப் பூசுற."

இருபத்தாறு வருடமாக மெஷினில், இங்க்கைத் தாளுக்கு மாற்றுகிற ரப்பர் பிளாங்கெட்டைத் துடைத்த கை. துணியை நாலாக மடித்து, நாலு விரலுக்கு அடியில் பிடித்து, ஒரு ஓரத்தில் வைத்து நடு வரை ஒரே இழுப்பு, தூக்கி, மடிப்பை மாற்றி, அடுத்த ஓரம். அழுத்தவே இல்லை. முதல் துண்டு முழுக்க வெள்ளை. இரண்டாவது சாம்பல். மூன்றாவதில் பாதிதான் கறை. நாலாவதை நான் செய்தேன். ஆறாவது துண்டில் துணி துணியின் நிறத்திலேயே திரும்பி வந்தது. அதுதான் கணக்கு. தகடு பளபளக்கிறதா என்று பார்க்காதீர்கள், ஈரத்தில் எல்லாமே பளபளக்கும். துணியைப் பாருங்கள்.

ஐ.பி.ஏ பறந்ததும் எழுத்துகள் தெரிந்தன. நான் நாள் முழுக்க எழுத்துருக்களோடு வாழ்கிறவள், அதனால் லென்ஸை வைத்துப் பார்த்தேன். லேசரில் பொறித்த எழுத்து. ரைசன் என்ற பெயருக்குக் கீழே சின்னதாக, சிலிக்கான் அமெரிக்காவிலும் தைவானிலும் உருவானது என்றும் சீனாவில் செய்யப்பட்டது என்றும் இருக்கிறது. உள்ளே இரண்டு தனித்தனிச் சில்லுகள், இரண்டும் வேறு வேறு நாட்டில் பிறந்தவை. அந்த எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் வெள்ளைக் கோடாகக் கொஞ்சம் பேஸ்ட் நின்றது. அதை நோண்டி எடுக்கக் கை பரபரத்தது. வேண்டாம். பேஸ்ட் இருக்க வேண்டிய இடமே பள்ளம்தான், அது சூட்டைத் தடுக்காது. கத்தி, பிளேடு, ஸ்க்ரூ டிரைவர், பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் எதையும் கொண்டு வராதீர்கள். அந்தத் தகடு செம்பு, மேலே மெல்லிய நிக்கல் பூச்சு. கீறினால் புதிய பள்ளம், அவ்வளவுதான் லாபம். கெட்டியாக ஒட்டியிருந்தால் பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரம் போதும், அதுவும் ஊறவைத்த பிறகு.

தகட்டின் விளிம்பில், பச்சை நிறப் பலகையோடு சேர்கிற இடத்தில் ஒரு வரி பேஸ்ட் இருந்தது. அதற்குப் பல்குத்தும் மரக்குச்சியில் ஒரு துளித் துணியைச் சுற்றி, நனைத்து, இழுத்தேன். இந்த வகைப் பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, அதனால் விளிம்பில் இம்மி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. எனக்கு மனசு கேட்கவில்லை, எடுத்தேன்.

ஒருவேளை உங்களுக்கும் 2023ல் எனக்கு நடந்தது நடந்து, ஊசிகளுக்கு நடுவில் பேஸ்ட் போய்விட்டால்: புதிய மென்மையான பல் பிரஷ்ஷை ஐ.பி.ஏவில் நனைத்து, ஊசி வரிசை போகிற திசையிலேயே, எடையே இல்லாமல் இழுங்கள். குறுக்கே வேண்டாம். பிறகு அரை மணி நேரமாவது காயட்டும். கூலரில் ஒட்டிக்கொண்ட புராசசரைக் கத்தியால் நெம்பாதீர்கள். தலைமுடி உலர்த்துகிற டிரையரில் கூலரைச் சூடாக்கி, பலகையின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு வரும்.

கூலரின் அடிப்பாகம் ஐந்து நிமிட வேலை. அதே துணி, அதே ஓரத்தில் இருந்து நடுவுக்கு. அது வெறும் அலுமினியம், பயப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பேச்சைக் கேட்டு, டி.டி.பி வேலை பார்க்கிற என் தோழி ஒருத்தி தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது இன்டெல். அதில் ஊசிகள் போர்டில் இருக்கும், புராசசரின் அடியில் வெறும் தங்கப் பூச்சுப் புள்ளிகள். அங்கே விதி இன்னும் கடுமை. சட்டத்தைத் திறக்காதே, புராசசரை எடுக்காதே, இருந்த இடத்திலேயே துடை. ஏன் என்றால் அந்தச் சாக்கெட் ஊசிகள் நுனி வளைந்து, பூனை மயிர் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு துணி இழை மாட்டி இழுத்தால் நாலு ஊசி கூடவே வரும். அதனால் அந்தச் சாக்கெட்டுக்குள் துணியும் பஞ்சும் என்றைக்கும் போகக் கூடாது. அவளுடையதை இருந்த இடத்திலேயே துடைத்துக் கொடுத்தோம், கால் மணி நேரம்.

லேப்டாப் வேறு உலகம். அங்கே பெரும்பாலும் மேல்தகடே கிடையாது. கண்ணாடி மாதிரி மின்னுகிற சிலிக்கான் நேராக வெளியே தெரியும். மூலையில் இடறினால் சில்லு உடையும். சுற்றிலும் கடுகைவிடச் சிறிய பாகங்கள் ஈயத்தில் ஒட்டியிருக்கும், துணி மடிப்பில் மாட்டினால் பெயர்ந்துவிடும். அங்கே விரல் நுனி அளவுத் துணிதான், சிலிக்கானின் மேல் மட்டும். கூலரின் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருந்தால் மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஒரே பக்கம் இறுக்கினால் சிலிக்கானின் ஒரு ஓரத்தில் முழு அழுத்தமும் போய்விடும். பக்கத்தில் இருக்கிற மெத்தை போன்ற பட்டைகளை நனைக்காதீர்கள்.

லேப்டாப்பைத் திறந்ததும் பேஸ்டுக்குப் பதில் பாதரசம் போல வெள்ளியாக மின்னினால் கையை எடுத்துவிடுங்கள். அது திரவ உலோகம், காலியம் கலந்தது. மின்சாரம் கடத்தும், ஒரு மணி உருண்டு போர்டில் விழுந்தால் போதும். அலுமினியத்தைத் தொட்டால் அதை அரித்து நொறுக்கிவிடும். நம் வேட்டித் துணிக்கும் பொறுமைக்கும் அது அடங்காது. அது பழகிய கைக்குத்தான்.

என் மெஷினில் புதுப் பேஸ்ட் ஆர்க்டிக் எம்.எக்ஸ் 4. பட்டாணி அளவு நடுவில் ஒரு பொட்டு வைத்து, கூலரை நேராக இறக்கி, மூலைக்கு மூலை திருகினேன். அதன் அழுத்தமே பரப்பிவிடும். துடைத்த தகட்டை இடையில் விரலால் தொடக் கூடாது, நம் விரல் எண்ணெய் போதும் அத்தனை துடைப்பையும் வீணாக்க. மகன் தொடப் பார்த்தான், நான் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டான் பிள்ளை. ஃபேன் வயரை மாட்டினோமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

அதே முருகன், அதே ஃபில்டர். 68, 74, 79. பத்து நிமிடம் கழித்து 81ல் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. அறையில் அப்போது 36 டிகிரி இருக்கும். நான் அடுப்படிக்குப் போகவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீலக் கோடு ஓடி முடிந்ததைப் பார்த்தேன். தோகையின் கடைசிக் கண்ணை அன்று ராத்திரியே முடித்து, பிளேட் எடுக்க அனுப்பிவிட்டேன்.

கேபினெட் மூடியின் உள்பக்கம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் தேதியும் பேஸ்டின் பெயரும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த சித்திரையில் டெம்பரேச்சர் பார்த்துக்கொள்ளலாம். ஐ.பி.ஏ இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, மகனுக்கு எட்டாத பரணில், மேலே 'தீ, தொடாதே' என்று சிவப்பில் எழுதி. வேட்டித் துண்டும் கொஞ்சம் மிச்சம். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனின் கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் ஏ.எம் 4தான். வரும்போது அணைத்து ஆறவைத்துக் கொண்டு வந்தாலும் பரவாயில்லை, இங்கே பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் திறப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.